ஒரே கம்பி, பல வரிசை

அந்த வாரக் கடைசியில் ஆந்திரப் போலீசாரையே மிரட்டிப் பணம் கேட்ட ஆசாமிக்கு முகம் கிடையாது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை உலகெங்கும் கிளம்பிய 'வானாக்ரை' என்ற கம்ப்யூட்டர் புழு சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றைப் பூட்டிப் போட்டது. சாவி வேண்டுமா? 300 டாலர், பிட்காயினாக. அடுத்த சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கின. நல்லவேளையாக, பக்தர்களுக்கான சேவைகள் தப்பின.

புழு நுழைந்த ஓட்டை புதிதல்ல. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில் இருந்த அதற்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே மருந்து கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். ஆனால் இத்தகைய புழு ஒரு மேஜையோடு நிற்காமல் அலுவலகம் முழுக்கப் பரவுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. குமாஸ்தாவின் கம்ப்யூட்டர், கணக்குப் பிரிவு, சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், 445 என்ற எண்ணுள்ள கதவைத் தட்டிக்கொண்டு அது வீடு வீடாகப் போகும்.

தடுக்கும் வழியைத் திருமலைக்குப் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சர்வ தரிசனத்துக்கு ஒரு வரிசை, 300 ரூபாய் டிக்கெட்டுக்கு இன்னொன்று. (வானாக்ரை கேட்டதும் 300தான், டாலரில்!) கோயில் ஒன்று, வரிசைகள் வேறு. ஒரு கம்பார்ட்மென்டின் தள்ளுமுள்ளு கதவு மூடிய அடுத்ததை எட்டாது. 'வி-லான்' செய்வதும் இதுதான். தகவல் பொட்டலம் ஒவ்வொன்றிலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு. அதில் 1 முதல் 4,094 வரை ஏதாவது ஓர் எண். ஒரே கம்பியில் ஓடினாலும் 10-ம் எண்ணின் பொட்டலம் 20-ம் எண்ணை எட்டிப் பார்க்காது. இதற்கான 802.1க்யூ விதியை ஐ.இ.இ.இ. அமைப்பு 1998-லேயே வெளியிட்டுவிட்டது.

இன்று ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் பத்து சர்வர்களை உருவாக்கி ஓட்டுகிறார்கள். வர்ச்சுவல் சர்வர் என்பது தொழில் வழக்கு. டிக்கெட்டுக்கு ஒன்று, சம்பளக் கணக்குக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. வெளியே தெரிவதோ ஒன்றிரண்டு கம்பிகள். பெட்டிக்குள்ளேயே மென்பொருளால் ஆன ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எந்த சர்வர் எந்த எண் என்று நிர்வாகி அதில் குறிக்கிறார். சறுக்குவது அடுத்த கட்டத்தில். வெளியே இருக்கும் நிஜ ஸ்விட்சில், கம்பி செருகிய இடத்தை 'ட்ரங்க்' ஆக்கி அதே எண்களை அனுமதிக்க வேண்டும். உள்ளே 20 என்று எழுதிவிட்டு வெளியே 20-ஐ மறந்தால் பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் வராது. அந்த சர்வர் ஊமையாகிவிடும். பாதி ராத்திரியைத் தின்றுவிடும் தவறு. பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒரே எண்ணில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது அதைவிட மோசம்.

சுவர் மட்டும் போதாது, வாசலில் ஆள் வேண்டும். வரிசைகளுக்கு இடையே போக்குவரத்தை நடத்தும் ரூட்டர் எதையும் கேள்வி கேட்காமல் அனுப்பினால், வி-லான் வெறும் சுண்ணாம்புக் கோடு. 445-ஐ அடைத்து, தேவையான சர்வருக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். தாய்ப் பெட்டியை நிர்வகிக்கும் வழிக்குத் தனி எண். நிர்வாகியைத் தவிர யாருக்கும் அங்கே வேலையில்லை. அது பறிபோனால் பத்து சர்வர்களும் ஒரே மூச்சில் போகும்.

வானாக்ரை அடங்கியது ஏறக்குறைய தற்செயலாக. அது தேடிக்கொண்டிருந்த ஓர் இணைய முகவரியை மார்கஸ் ஹச்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர் பதிவு செய்ய, வேகம் நின்றது. 2017 ஜூன் 27 அன்று அதே ஓட்டையையும் பயன்படுத்திக்கொண்டு 'நாட்பெட்யா' வந்தது. அதற்கு அப்படியொரு முகவரி இல்லை. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையமே முடங்கிப்போனது.