பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் எதை மறக்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்தும் திரையில் ஒன்றுமே வரவில்லையா? பழுது பார்ப்பவர்கள் பலரும் சொல்லும் முதல் வைத்தியம், "பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்க" என்பதுதான். மதர்போர்டில் நாணயம்போல் பதிந்திருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியைச் சொல்கிறார்கள். அதைக் கழற்றினால், கம்ப்யூட்டரைக் கிளப்பும் மென்பொருளான பயாஸின் அமைப்புகள் ஏன் அழிய வேண்டும்?

காரணம் 1984-ல் இருக்கிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் எவ்வளவு நினைவகம், எந்த வகைத் திரை என்பதையெல்லாம் மதர்போர்டின் குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளித்தான் தெரிவிக்க வேண்டும். 1984-ன் பிசி ஏடி அந்த வேலையில் பெரும்பகுதியை மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப்பிடம் ஒப்படைத்தது. அதிலிருந்த நினைவகம் மொத்தமே 64 பைட். கடிகாரத்துக்கு 14 போக, மீதி 50 பைட்டுக்குள் கம்ப்யூட்டரின் ஜாதகமே அடங்கிவிட்டது! சீமாஸ் வகைச் சிப் என்பதால் அதற்கு பேட்டரி தரும் சொற்ப மின்சாரம் போதும். அதுவும் நின்றால் எல்லாம் மறந்துபோகும்.

மறந்ததை பயாஸ் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எழுதிய எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் கூடவே எழுதி வைக்கிறது. அடுத்த முறை ஆன் செய்ததும் மறுபடி கூட்டிப் பார்க்கிறது. கணக்கு இடித்தால், பின்னாளில் வந்த பயாஸ்கள், தயாரிப்பாளர் தந்த ஆரம்ப அமைப்புகளுக்கே போய்விடும்.

இன்று பல போர்டுகளில் அமைப்புகள் இருப்பது ஃபிளாஷ் சிப்பில். அதற்கு பேட்டரியே வேண்டாம். ஆனாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் அறுந்துபோன தடயத்தைப் பார்த்து, பயாஸ் தானாகவே ஆரம்ப அமைப்புகளை எடுத்துக்கொள்ளும். எல்லா லேப்டாப்களும் இப்படி வளைந்து கொடுப்பதில்லை. பலவற்றில் பயாஸ் பாஸ்வேர்டு பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது.

பயாஸுக்குள் நுழைய முடிகிறதென்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். மெனுவிலேயே ஆரம்ப அமைப்புகளுக்குத் திரும்பும் வசதி உண்டு. முடியாவிட்டால்தான் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டின் கையேடு காட்டும் ஜம்பரையோ பேட்டரியையோ நாட வேண்டும். மெனு தெரியும் நிலையில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஏனென்றால், டிஸ்க் இணைப்பு ரெய்டு முறையில் இருந்து, ரீசெட் அதை ஏஹெச்சிஐ ஆக்கிவிட்டால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கலாம். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து ரேம் வேகம் குறையும்.

தேதியையும் பார்த்துச் சரிசெய்யுங்கள். அது சில ஆண்டுகள் பின்னே போயிருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் தடுத்துவிடும்.