கூட்டுக் குடும்பச் சொத்தும் வழக்குரிமையும்

பாகப் பிரிவினை ஆகாத குடும்ப நிலத்தை மூத்தவர் விற்றுவிட்டால், ஏனையோர் வாய்மூடி இருக்கவேண்டியதுதான் என்று எண்ணுவோர் பலர். இந்தியாவின் இந்துச் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

கூட்டுக் குடும்பச் சொத்தை ஆளும் மூத்தவரைக் கர்த்தா என்பர். வரி செலுத்துவதும் கடன் வாங்குவதும் வழக்காடுவதும் அவர் பொறுப்பு. ஆயினும் சொத்து அவருக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம் என்னும் உரைநூல், மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு என்று கொண்டது. தமிழகத்தில் வழங்குவதும் இக்கொள்கையே. வழக்குரிமைக்கு அடிப்படையும் இதுவே. தந்தை தாமே ஈட்டிய சொத்துக்கு இது பொருந்தாது.

குடும்பத்தின் இன்றியமையாத் தேவைக்காகவோ நன்மைக்காகவோ கர்த்தா சொத்தை விற்கலாம். தேவை இருந்தது என்றோ, தாம் நேர்மையாக விசாரித்தறிந்தே வாங்கியதாகவோ மெய்ப்பிக்கவேண்டியவர் வாங்கியவரே. 1856இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இதற்கு அடிப்படையாயிற்று.

விற்குமுன்னரே தடையாணை கோரலாமா? பொதுவாக இயலாது என்று 1988இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு விற்பனையையும் தடுக்க இடங்கொடுத்தால் குடும்ப நிருவாகமே நடவாது. கர்த்தா சொத்தைப் பாழாக்கினாலோ பங்காளியை வெளியேற்றினாலோ மட்டும் தடை கோரலாம்.

விற்றபின், பங்காளிகளுள் எவரும் தனித்தே வழக்கிடலாம். விற்பனையின்போது தாய் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் இவ்வுரிமை உண்டு. வழக்கு வென்றால், தமிழகத்தில் விற்றவர் பங்கு மட்டும் வாங்கியவரைச் சேரும். ஏனையோர் பங்கு மீளும்.

பெண்மக்களும் இன்று பங்காளிகளே. தமிழகம் 1989இல் மணமாகாத மகளிர்க்கும், இந்திய நாடாளுமன்றம் 2005இல் மகளிர் அனைவர்க்கும் இவ்வுரிமையை அளித்தன. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்பதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும், 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனைகளை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு மகளிர் மாற்ற இயலாது.

காலவரம்பே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. தந்தை செய்த விற்பனையை மறுக்க, வாங்கியவர் சொத்தைக் கைக்கொண்ட நாள்முதல் 12 ஆண்டுகளே உண்டு என்று 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் விதிக்கிறது. கடல் கடந்து வாழ்வதால் மட்டும் ஒருவர் பங்கு அழிவதில்லை. ஆனால் அவருக்காக இக்காலம் நீள்வதுமில்லை. ஊரில் பூர்விக நிலம் உடையோர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அவ்வப்போது பெற்றுப் பார்த்துவருதல் நன்று.