கண்ணில் இல்லாத புள்ளி

சர்க்கரை நோய்க்காக ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த முறை படத்தில் மங்கலாக ஒரு வெண்புள்ளி. பதறிப்போய்க் கேட்டதற்கு, "அது உங்க கண்ணுல இல்ல சார், கேமராவுல இருக்கற தூசி" என்றாராம் மருத்துவர். நிம்மதியோடு ஒரு சந்தேகமும் வந்துவிட்டது வாசகருக்கு. தூசி என்றால் கறுப்பாகத்தானே தெரிய வேண்டும், வெள்ளையாக எப்படி?

அருமையான கேள்வி. பதில் அந்தக் கேமராவின் பிறவிக் குணத்தில் இருக்கிறது.

விழித்திரை இருக்கும் இடம் ஒரு இருட்டறை. அதற்குச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள பாப்பாத் துளை ஒன்றுதான் வாசல். வெளிச்சம் அதன் வழியாகவே உள்ளே போக வேண்டும், பிம்பமும் அதன் வழியாகவே வெளியே வர வேண்டும். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு விவரித்துவிட்டார். ஆனால் படம் பிடிக்க முயன்றவர்களைக் கண்ணின் முன்பரப்பில் பட்டுத் தெறித்த ஒளி பாடாய்ப் படுத்தியது. போகும் ஒளிக்கும் வரும் ஒளிக்கும் அந்தச் சின்ன வாசலிலேயே தனித்தனி இடம் ஒதுக்கலாம் என்று வழி காட்டியவர் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட். 1911-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1920-களில் அவருடைய நாட்டுக்காரரான நோர்டென்சனின் வடிவமைப்பில் ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனம் விழித்திரையைப் படம் பிடிக்கும் ஃபண்டஸ் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கேமராக்களில் ஒளி ஒரு வளையமாக, துளையின் ஓரத்தை ஒட்டி நுழைகிறது. பிம்பம் நடுவழியாகத் திரும்புகிறது.

கண்ணில் பிரித்தாயிற்று. ஆனால் கேமராவின் முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் இரண்டுக்கும் பொது. ஃபிளாஷ் வெளியே போவதும் அதன் வழியாகத்தான், விழித்திரையின் பிம்பம் உள்ளே வருவதும் அதன் வழியாகத்தான். அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருந்தால், கண்ணுக்குப் போகிற ஃபிளாஷ் முதலில் அதன்மீது படும். பட்டதில் கொஞ்சம் சிதறி நேராகக் கேமராவுக்குள்ளேயே திரும்பிவிடும். விழித்திரையோ தன்மேல் விழும் ஒளியில் மிகச் சொற்பத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அந்த மெல்லிய வெளிச்சத்துக்கு நடுவே தூசியின் சிதறல் பளிச்சென்று தெரியும். ஃபோகஸில் இல்லாததால் ஓரம் கலைந்த வெண்புள்ளியாகப் பதிகிறது.

மழை விட்ட மாலையில் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. நம் ஹெட்லைட்டுக்கு முன்னால் பறக்கும் ஈசல் வெள்ளைப் பொறியாக வரும். அதே ஈசல் எதிரே தெருவிளக்குக்கும் நமக்கும் நடுவில் குறுக்கிட்டால் கறுப்புப் பொட்டு. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கறுப்புத் தூசியும் இந்தக் கேமராவில் உண்டு. அது சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடித் தகட்டின்மேல் உட்கார்ந்து, வருகிற பிம்பத்தை மறைக்கும். சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால் அதன் நிழல் வெட்டியெடுத்தாற்போல் விழும்.

வில்லங்கம் இங்கேதான். சர்க்கரை நோயால் விழித்திரையில் தோன்றும் முதல் அடையாளங்களும் புள்ளிகளே. நுண்குழாய்ப் புடைப்பும் ரத்தக் கசிவும் சிறு கரும்சிவப்புப் புள்ளிகள். கொழுப்புப் படிவு மஞ்சள் கலந்த வெண்புள்ளி. தூசி இரண்டு வேஷமும் போடும். அனுபவமுள்ளவர்கள் ஏமாறுவதில்லை, இரண்டு கண்களின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பார்வை நரம்பின் வட்டு மூக்குப் பக்கம் இருப்பதால், வலக்கண் படத்தில் ஒரு பக்கமும் இடக்கண் படத்தில் மறுபக்கமும் இருக்கும். ரத்த நாளங்களின் கோலமும் மாறும். இத்தனையும் மாறியும் ஒரு புள்ளி மட்டும் சட்டத்தில் அதே இடத்தில் நின்றால் அது கேமராவுடையது.

2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படங்களை ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல் காட்டிக் கணினிக்குப் பயிற்சி தந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் தந்த படங்களும் அவற்றில் உண்டு. படத்தைப் படிக்கும் வேலை மெல்ல மெல்லக் கணினியிடம் போகிறது. சரி, போகட்டும். ஆனால் ஒரே படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் நிரலுக்கு மேலே சொன்ன ஒப்பீடு வாய்க்காது. புள்ளியை மென்பொருளால் அழித்துவிடலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். தூசி மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்பது மென்பொருளுக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பும். கல்யாண ஆல்பத்துக்கு அது போதும், மருத்துவப் படத்துக்கு ஆகாது.

ஆகவே துடைத்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் முறை உண்டு. முதலில் ரப்பர் பந்து ஊதியால் காற்று. எடுத்த எடுப்பில் துடைத்தால் மணல் துகள் லென்ஸின் பூச்சைக் கீறிவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் சில சமயம் திரவத்தைத் துப்பும். ஊதிய பிறகும் கறை இருந்தால், லென்ஸ் காகிதத்தில் அதற்குரிய திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வர வேண்டும். ஒருமுறை துடைத்த காகிதத்தால் மறுபடி துடைக்கக் கூடாது. சென்சாரையும் உள்லென்ஸ்களையும் சர்வீஸ் இன்ஜினியரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் ராக்கெட் வித்தை அல்ல. ஆனாலும் கண் பரிசோதனை முகாம்களில் நான் பார்ப்பது வேறு. பல லட்சம் கொடுத்து வாங்கிய கேமரா, மின்விசிறிக்கு நேர்கீழே, மூடி இல்லாமல் நாள் முழுக்க நிற்கிறது. ஒவ்வொருவர் இமையும் கண்ணீரும் லென்ஸில் தடம் பதித்துவிட்டுப் போகின்றன. துடைக்கச் சட்டை நுனி. மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். சில நூறு ரூபாய் ஊதிக்கும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லுக்கும் ரசீது போட ஆளில்லை. நன்கொடையாளர் பெயரை இயந்திரத்தின்மேல் எழுதும் அக்கறையில் பாதி அதன் மூடியின்மேல் இருந்தால் போதும்.

முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் முதல் ஆளை உட்கார வைக்கும் முன், லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் துணியைப் பிடித்து ஒரு படம், வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முதலாவது வெள்ளைத் தூசியைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது கறுப்புத் தூசியை. வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் படத்தில் புள்ளி தெரிந்தால் தூசி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.