சாப்பாட்டு நேரத்து வீக்கம்

ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததுமே சிலருக்குத் தாடைக்குக் கீழே வலியெடுத்து, ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த சற்று நேரத்தில் வீக்கம் தானாக வடிந்துவிடும். அடுத்த வேளை மறுபடி தலைகாட்டும். இப்படி வேளை தவறாமல் வந்துபோகும் வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், உமிழ்நீர்க் குழாயை அடைத்துக்கொண்ட கல்.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு மூன்று ஜோடி: காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. கற்களில் சுமார் 80 சதவீதம் உருவாவது தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான். அங்கே ஊறும் நீர் கொழகொழப்பானது, கால்சியம் மிகுந்தது. அதன் குழாயோ சுமார் 5 செ.மீ. நீளம், நாக்கின் அடி வரை மேல்நோக்கி ஏற வேண்டும். ஓட்டம் மந்தமானால் கால்சியம் பாஸ்பேட் படிந்து இறுகிவிடும். உணவைக் கண்டதும் சுரப்பு பெருகுகிறது. வெளியேற வழியில்லாததால் சுரப்பி வீங்குகிறது.

சிறிய கல்லாக இருந்தால் தண்ணீர் நிறையக் குடித்து, சுரப்பியை இதமாகத் தடவிவிட்டு, புளிப்பு மிட்டாய் சப்பினாலே வெளியே வந்துவிடலாம். வராவிட்டால், மெல்லிய எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் செலுத்தி எடுப்பார்கள். முன்பு சுரப்பியையே வெட்டி எடுக்க வேண்டியிருந்த பல நேரங்களில் இன்று அது தேவைப்படுவதில்லை.

காய்ச்சலோடு காதோரம் வீங்கி, நாட்கணக்கில் நீடித்தால் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் இந்த வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஓய்வும் நீராகாரமும் போதும். ஆனால் பருவமடைந்த ஆண்களுக்கு விரை வீக்கம் வரலாம், அரிதாகச் செவித்திறனும் போகலாம். எம்எம்ஆர் தடுப்பூசி இந்நோயைத் தடுக்கும்.

உடலில் நீர்ச்சத்து குறைந்த முதியவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கும், கிருமி குழாய் வழியே ஏறிச் சுரப்பியில் சீழ் பிடிக்கும். இங்கே ஆன்டிபயாடிக் அவசியம்.

வீக்கமே இல்லாமல் வாய் மட்டும் வறள்வதும் உண்டு. ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மருந்துகளும், தலை, கழுத்துப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சும் சுரப்பைக் குறைக்கும். கண்ணும் சேர்ந்து வறண்டால் ஷோகிரன் நோயா என்று பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் இந்நோயை, 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரிவாக விவரித்தார். பாதிக்கப்படுவோரில் பெரும்பான்மையினர் பெண்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சொத்தையும் பூஞ்சைத் தொற்றும் எளிதில் வந்துவிடும்.

அலட்சியப்படுத்தக் கூடாதது, வலியே இல்லாமல் மெல்ல வளரும் கட்டி. காதோரச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சிறிய சுரப்பிகளில் வருபவற்றில் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம். முக நரம்பு காதோரச் சுரப்பியின் ஊடாகவே செல்வதால், கட்டியோடு முகம் ஒரு பக்கம் கோணினால் அது அபாய அறிகுறி. வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல், சில வாரங்களாக வடியாத கட்டியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.