கதவு அளவு பலகையில் திருவண்ணாமலை ஸ்டேஷன்: மாடல் ரயிலுக்கு ஒயரிங் எப்படி?

ரமணாசிரமம் பகுதியில் ஒரு சின்ன வாடகை அறை. அதற்குள் திருவண்ணாமலை ரயில் நிலையத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும். மலையைத்தான் கொண்டுவர முடியாது!

சிறிய அறைகளுக்கு ஏற்றது ‘என்’ ஸ்கேல். நிஜத்தில் 160 மீட்டர் என்றால் இதில் ஒரே மீட்டர். ஊர்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் எழும் மலை, இந்தக் கணக்கிலும் ஏறத்தாழ 4 மீட்டர். கூரையைத் தாண்டிவிடும். 14 கி.மீ. கிரிவலப் பாதை 87 மீட்டர் ஆகும். அதனால் மலையைப் பின்சுவரில் வரைந்துவிட்டு, ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஏன் இந்த ஸ்டேஷன்?

விழுப்புரம் - காட்பாடி பாதை ஒற்றைப் பாதை. 1896 செப்டம்பர் 1 அன்று, பின்னாளில் ரமண மகரிஷியான வேங்கடராமன், திருக்கோவிலூரில் ரயிலேறி வந்து இறங்கியது இந்தப் பாதையில்தான். அன்று மீட்டர் கேஜ், இன்று அகலப்பாதை.

ஒற்றைப் பாதையில் சுவாரஸ்யமே கிராசிங்தான். ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும். எதிர் வண்டி வந்ததும் புறப்படும். அதை மாடலில் கொண்டுவர, தண்டவாளத்துக்கு முன்பே ஒயரிங்கை யோசிக்க வேண்டும்.

முதலில் டேப், பிறகு பிளைவுட்

ஒரு ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 21 மீட்டர். மாடலில் 13 செ.மீ. இன்ஜினும் 5 பெட்டிகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 80 செ.மீ. லூப் லைன் அதைவிட நீளமாக இல்லாவிட்டால், வண்டியின் வால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நிற்கும். கிராசிங் நடக்காது.

7 அடிக்கு இரண்டரை அடி, அதாவது ஒரு கதவைப் படுக்கப்போட்ட அளவு போதும். அதில் ஒரு நீள்வட்டம், ஒரு லூப், இரண்டு பாயின்ட்.

நிற்கும் வண்டியை எப்படி நிறுத்துவது?

சாதாரண டி.சி. முறையில் மின்சாரம் தண்டவாளம் வழியாகவே மோட்டாருக்குப் போகும். வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றினால் திசை மாறும். அப்படியே விட்டால் இரண்டு வண்டிகளும் சேர்ந்தே ஓடும்.

அதனால் ஸ்டேஷனின் இரண்டு லைன்களிலும், இரு முனையிலும், ஒரு பக்கத் தண்டவாளத்தில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஸ்விட்ச். லூப் ஸ்விட்ச் ஆஃப் என்றால் அங்குள்ள வண்டி அசையாது, மற்றது ஓடும்.

இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட வேண்டுமா? டி.சி.சி. எனும் டிஜிட்டல் முறைக்குப் போகலாம். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு டிகோடர் இருக்கும். தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். செலவு அதிகம்.

வண்டி பாதியில் சோர்ந்தால்?

பெரும்பாலும் குற்றவாளி ஜாயினர்தான். அது தளர்ந்தால் மின்சாரம் குறையும். இதற்குத் தீர்வு, பலகைக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு தடித்த ஒயர்கள். அவற்றிலிருந்து சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி மெல்லிய ஒயரைத் தண்டவாளத்துக்கு ஏற்றிவிட வேண்டும். துண்டித்த லைன்களுக்கான இணைப்பு மட்டும் அந்தந்த ஸ்விட்ச் வழியாகவே போக வேண்டும்.

இந்த மூன்றில் உஷார்

* காயில் வகை பாயின்ட் மோட்டாருக்குத் தட்டிவிடும் புஷ் பட்டன்தான் போட வேண்டும். சாதாரண ஸ்விட்சை ஆனில் விட்டால் காயில் கருகிவிடும்.

* வண்டி திரும்பி வந்து அதே லைனில் சேரும் வளையம் முதல் முயற்சிக்கு வேண்டாம். இடது தண்டவாளம் வலதைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

* 230 வோல்ட் பக்கம் கைவைக்கவே கூடாது. ரெடிமேட் அடாப்டரும் கன்ட்ரோலரும் மட்டுமே.

ஜல்லி ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு பகுதியையும் மல்டிமீட்டரில் சோதித்துவிடுங்கள். பசை காய்ந்த பிறகு தண்டவாளத்தைப் பிரிப்பதைவிட, பேப்பரில் ஒரு கோட்டை அழிப்பது ரொம்ப சுலபம்.