சார்லி சாப்ளினின் இரசிகர்கள்

சார்லி சாப்ளின் (ஏப்ரல் 16, 1889 – டிசம்பர் 25, 1977) இலண்டனில் பிறந்த ஆங்கிலேய நடிகரும் திரைப்பட இயக்குநரும் ஆவார். உலகின் எல்லாக் கண்டங்களிலும் முகம் அறியப்பட்ட முதல் திரைப்பட நடிகர் இவரே எனலாம். இவரது படங்களைப் போலவே இவரது இரசிகர்களின் வரலாறும் தனியே ஆராயத்தக்கது. அவர்களில் பெரும்பாலோர் நேசித்தது நாடோடி என்னும் பேசாத பாத்திரத்தை. அப்பாத்திரத்துக்குள் இருந்த மனிதர் மணம் புரிந்தபோதும், வழக்குகளில் சிக்கியபோதும், அரசியல் பேசியபோதும் அந்த நேசம் பலமுறை சோதனைக்கு உள்ளாயிற்று.

முதல் பார்வையாளர்கள்

தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேலங்கி, சிறிய தொப்பி, அளவுக்கு மீறிய காலணி, மூங்கில் கைத்தடி, சிறு மீசை ஆகியவற்றுடன் நாடோடி திரையில் முதன்முதலாகத் தோன்றியது 1914 பிப்ரவரியில் வெளியான "கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்" என்னும் குறும்படத்தில் ஆகும். கலிபோர்னியாவின் வெனிஸ் நகரில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்த சிறுவர் வண்டிப் பந்தயத்தில் இது படமாக்கப்பட்டது. பந்தயத்தைப் படம்பிடிக்கும் கருவியின் முன்னால் ஒருவன் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறான், அவனை விரட்டுகிறார்கள், அவன் திரும்பவும் வருகிறான். கதை இவ்வளவே. பின்னால் நிற்கும் கூட்டத்தினர் நடிகர்கள் அல்லர், பந்தயம் பார்க்க வந்த பொதுமக்கள். அவர்களுக்கு இவர் யார் என்று தெரியாது. தொடக்கத்தில் குழப்பத்துடன் பார்ப்பவர்கள் சிறிது நேரத்தில் சிரிக்கத் தொடங்குவதைப் படத்திலேயே காணலாம். ஒரு நடிகரின் முதல் இரசிகர்கள் உருவாகும் கணம் இவ்வாறு படச்சுருளில் பதிவாகியிருப்பது அரிது.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை அடியோடு மாறியது. சாப்ளின் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன, பாடல்கள் எழுதப்பட்டன, அவரைப் போல வேடமிடும் போட்டிகள் நடந்தன. 1915இல் அமெரிக்கத் திரைப்பட இதழொன்று இந்த மோகத்தை ஒரு நோயாக உருவகித்து "சாப்ளினைட்டிஸ்" என்று பெயரிட்டது. 1916இல் மியூச்சுவல் நிறுவனம் இவருக்கு வாரம் 10,000 டாலர் ஊதியமும் 150,000 டாலர் முன்பணமும் தர ஒப்புக்கொண்டது. அப்போது இவருக்கு வயது 26.

இவரைப் போல நடித்தே பிழைத்த நடிகர்களும் தோன்றினர். பில்லி வெஸ்ட் அவர்களுள் தேர்ந்தவர். சார்லஸ் அமடோர் என்பவர் "சார்லி ஆப்லின்" என்ற பெயரில் நடிக்கத் தொடங்கியபோது சாப்ளின் நீதிமன்றம் சென்றார். அத்தகைய உடைகளைத் தனித்தனியே முன்பே பலர் அணிந்துள்ளனர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எனினும், பொதுமக்கள் ஏமாற்றப்படுவார்கள் என்ற அடிப்படையில் 1928இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சாப்ளினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. (தன்னைப் போல் வேடமிடும் போட்டியில் சாப்ளினே கலந்துகொண்டு தோற்றார் என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்கு உறுதியான சான்று கிடையாது.)

போர்க்காலம்

முதல் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இவரைப் பற்றி இரு வேறு கருத்துகள் நிலவின. உடல்நலமுள்ள இளைஞர் படையில் சேராமல் அமெரிக்காவில் பணம் சேர்க்கிறார் என்று செய்தித்தாள்கள் சில குறைகூறின. கோழைத்தனத்தின் அடையாளமான வெள்ளை இறகுகளை வைத்து இவருக்குக் கடிதங்கள் வந்தன.

போர்முனையில் இருந்த வீரர்களோ வேறுவிதமாக நினைத்தனர். அவர்களுக்கு இவரது படங்கள் தேவைப்பட்டன. எழுந்து உட்கார முடியாத காயமுற்ற வீரர்கள் படுத்தபடியே பார்ப்பதற்காக மருத்துவமனைகளின் உட்கூரையில் படம் காட்டப்பட்டதாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன. பதுங்கு குழி வாழ்க்கையையே நகைச்சுவையாக்கிய "ஷோல்டர் ஆர்ம்ஸ்" 1918 அக்டோபரில், போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்தபோது வெளிவந்தது. இப்படம் வீரர்களைப் புண்படுத்தும் என்று சாப்ளினின் நண்பர்கள் அஞ்சினர். சேற்றிலும் நீரிலும் படுத்து எழுந்தவர்களே அதை அதிகம் இரசித்தனர்.

இலண்டன் பயணம், 1921

சாப்ளின் பிறந்த குடும்பம் மேடைக் கலைஞர் குடும்பம். தந்தை குடியால் இறந்தார். தாய் ஹன்னா மனநோயால் மருத்துவமனைக்குச் செல்வதும் வருவதுமாக இருந்தார். சாப்ளினும் அண்ணன் சிட்னியும் இலம்பெத் ஏழைகள் விடுதியிலும் ஆன்வெல் பள்ளியிலும் வளர்ந்தனர். 1912இல் பிரெட் கார்னோவின் நாடகக் குழுவுடன் இங்கிலாந்தை விட்டுச் சென்றவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து 1921 செப்டம்பரில் திரும்பினார்.

வாட்டர்லூ தொடருந்து நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. இவர் தங்கிய ரிட்ஸ் விடுதியின் முன்னும் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். முதல் மூன்று நாட்களில் 73,000 கடிதங்களும் அஞ்சலட்டைகளும் வந்து சேர்ந்தன. பாராட்டுக் கடிதங்கள் மட்டும் அவற்றில் இல்லை. வாடகை கட்ட முடியாதவர்கள் உதவி கேட்டிருந்தனர். வேலை வேண்டியவர்கள் எழுதியிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் உறவு கொண்டாடியிருந்தனர். தாங்களே சாப்ளினைப் பெற்ற தாய் என்று எழுதியவர்கள் ஒன்பது பேர் என இப்பயணம் பற்றிய தமது நூலில் அவர் குறிப்பிடுகிறார். உண்மைத் தாயோ அதே ஆண்டு கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே பராமரிப்பில் இருந்தார்.

இக்கடிதங்களே சாப்ளின் இரசிகர்களின் இயல்பை நன்கு காட்டுகின்றன எனலாம். "த கிட்" படத்தில் (1921) கண்ணாடிக்காரனாக வந்து அநாதைக் குழந்தையை வளர்த்தவன், பசி என்றால் என்ன என்று அறிந்தவன், தங்கள் வீட்டு நிலையையும் அறிவான் என்று அவர்கள் நம்பினர். சாப்ளினோ கூட்டத்தைத் தவிர்த்து விடுதியிலிருந்து நழுவி, வாடகைக் காரில் கென்னிங்டன் பகுதிக்குச் சென்று, தாம் சிறுவனாக வாழ்ந்த பௌனல் டெரசு வீட்டைத் தேடிப் பார்த்தார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றபோது பெர்லினில் இவரை அடையாளம் கண்டவர் மிகச் சிலரே. போர் காரணமாக இவரது படங்கள் அங்கு திரையிடப்படவில்லை.

மௌனமும் பேச்சும்

நாடோடிக்குப் பெயரில்லை, ஊரில்லை, மொழியும் இல்லை. பிரெஞ்சுக்காரர் அவனை "ஷார்லோ" என்று தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர். பேசும்படங்கள் வந்த பிறகும் சாப்ளின் அவனைப் பேசவைக்கத் தயங்கியதற்கு இது முக்கியக் காரணமாகும். அவன் ஆங்கிலம் பேசிவிட்டால் ஆங்கிலம் அறியாத கோடிக்கணக்கானோருக்கு அந்நியனாகிவிடுவான். "சிட்டி லைட்ஸ்" (1931) பேச்சின்றியே வந்தது. "மாடர்ன் டைம்ஸ்" படத்தில் (1936) அவன் குரல் முதன்முறையாகக் கேட்டது. ஆனால் அவன் பாடிய பாடல் எந்த மொழியிலும் பொருள் தராத சொற்களால் ஆனது.

"சிட்டி லைட்ஸ்" படத்தின் இறுதிக் காட்சியே இரசிகர்களின் நினைவில் மிக ஆழமாகப் பதிந்தது. பார்வை திரும்பப் பெற்ற பூக்காரப் பெண், தனக்கு உதவியவன் செல்வந்தன் அல்லன், எதிரே நிற்கும் இந்தக் கந்தல் மனிதனே என்பதை அவன் கையைத் தொட்டு உணர்கிறாள். அவள் அடுத்து என்ன செய்வாள் என்பதைப் படம் சொல்லவில்லை. திரைப்படத் திறனாய்வாளர் ஜேம்ஸ் ஏஜி 1949இல் எழுதிய கட்டுரையில் இக்காட்சியைத் திரை நடிப்பின் உச்சங்களில் ஒன்றாகப் போற்றினார். மிகை உணர்ச்சி என்று இதே காட்சியைக் குறைகூறுவோரும் உள்ளனர். அவர்களில் பலர் உணர்ச்சி காட்டாத முகத்துடன் நடித்த பஸ்டர் கீட்டனை உயர்த்திப் பேசுவர். சாப்ளினா கீட்டனா என்ற இந்த விவாதம் ஊமைப்பட ஆர்வலர்களிடையே இன்றும் ஓயவில்லை.

இலண்டனில் 1931இல் சாப்ளினைச் சந்தித்த காந்தியடிகள் அதுவரை இவரது படம் எதையும் பார்த்தவர் அல்லர். கேனிங் டவுன் பகுதியில் நடந்த அச்சந்திப்பில் இயந்திரங்கள் பற்றி இருவரும் உரையாடியதைச் சாப்ளின் தமது தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார்.

இட்லரைக் கேலி செய்த "த கிரேட் டிக்டேட்டர்" (1940) வணிகத்தில் பெரும் வெற்றி பெற்றது. அதன் முடிவில் யூத முடிதிருத்துநராக வரும் சாப்ளின் படக்கருவியை நேராகப் பார்த்து மனிதநேயம் குறித்து நீண்ட உரை ஆற்றுகிறார். கதையை விட்டு நடிகரே வெளியே வந்து பேசுகிறார் என்று அன்றைய திறனாய்வாளர் பலர் எழுதினர். இன்று இணையத்தில் சாப்ளினின் பெயரால் மிகுதியாகப் பகிரப்படுவது அந்த உரையே என்பது குறிப்பிடத்தக்கது.

இரசிகர்கள் விலகுதல்

சாப்ளினின் மணவாழ்க்கை முன்பே கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. 1918இல் மில்ட்ரெட் ஆரிசையும் 1924இல் லீட்டா கிரேயையும் மணந்தபோது இருவருக்கும் வயது 16. லீட்டா கிரே 1927இல் தொடுத்த மணமுறிவு வழக்கின் மனு அச்சிடப்பட்டுத் தெருக்களில் விற்கப்பட்டது. அமெரிக்க மகளிர் சங்கங்கள் சில இவரது படங்களைத் தடைசெய்யக் கோரின. பிரான்சில் லூயி அரகோன், ஆந்திரே பிரெத்தோன் முதலிய எழுத்தாளர்கள் இவரை ஆதரித்து அறிக்கை வெளியிட்டனர். அந்த அறிக்கையை இன்று படிப்போருக்கு, பதினாறு வயதுப் பெண்ணின் தரப்பை அது எவ்வளவு எளிதாகத் தள்ளிவிட்டது என்பதே முதலில் கண்ணில் படும்.

1940களில் நிலைமை மோசமாயிற்று. ஜோன் பாரி என்னும் நடிகையின் குழந்தைக்குச் சாப்ளின் தந்தை அல்லர் என்று இரத்தச் சோதனை காட்டியது. ஆயினும் 1945இல் நடுவர் குழு அவரையே தந்தையாக அறிவித்தது. அக்காலக் கலிபோர்னியச் சட்டம் இரத்தச் சோதனையை இறுதிச் சான்றாக ஏற்கவில்லை. அதற்கிடையே 1943இல், 54 வயதான சாப்ளின் 18 வயதான ஊனா ஓ நீலை மணந்தார். அம்மணம் சாப்ளினின் இறுதிநாள் வரை நிலைத்தது.

இவர் அமெரிக்கக் குடியுரிமை பெறாததும் போர்க்காலத்தில் சோவியத் ஒன்றியத்துக்கு ஆதரவாகப் பேசியதும் சந்தேகத்தை வளர்த்தன. 1947இல் "மொன்சியர் வெர்டூ" நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது அரங்கில் சிலர் சீறி ஒலியெழுப்பினர். அடுத்து நடந்த செய்தியாளர் கூட்டத்தில் படத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட, பொதுவுடைமைக் கொள்கை பற்றி இவரைக் குறுக்கு விசாரணை செய்தவர்களே அதிகம். இம்முறை இரசிகர்கள் விலகியதற்குக் காரணம் ஒன்றன்று. பெண்கள் தொடர்பான வழக்குகளும் அரசியலும் கலந்துவிட்டன. அத்துடன், இப்படத்தில் நாடோடி இல்லை. பணத்துக்காக மனைவியரைக் கொலை செய்பவனாகவே சாப்ளின் நடித்திருந்தார்.

1952 செப்டம்பரில் "லைம்லைட்" படத்தின் இலண்டன் வெளியீட்டுக்காகக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, இவர் அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதியை அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞர் இரத்துச் செய்தார். அமெரிக்காவில் பல திரையரங்குகள் அப்படத்தைத் திரையிடவில்லை. சாப்ளின் குடும்பத்துடன் சுவிட்சர்லாந்தின் வெவே நகருக்கு அருகில் குடியேறினார்.

திரும்புதல்

1972 ஏப்ரல் 10 அன்று சிறப்பு ஆஸ்கார் விருது பெற சாப்ளின் அமெரிக்கா வந்தார். அரங்கில் இருந்தோர் எழுந்து நின்று ஏறத்தாழ 12 நிமிடம் கைதட்டினர். 82 வயதான சாப்ளினால் சில சொற்களே பேச முடிந்தது. நடிகர் ஜாக் லெமன் தொப்பியையும் கைத்தடியையும் மேடையில் அவரிடம் கொடுத்தார். அவ்வரவேற்பை மன்னிப்பு வேண்டலாகப் பலர் நினைவுகூர்வர். 20 ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்புத் தெரிவிக்காத திரைத்துறையே கைதட்டியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அதே ஆண்டில் "லைம்லைட்" இலாஸ் ஏஞ்சலிசில் திரையிடப்பட்டு, 1973இல் இசைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. 1975இல் பிரித்தானிய அரசி இவருக்கு சர் பட்டம் வழங்கினார்.

1978 மார்ச்சில் இவரது உடல் கல்லறையிலிருந்து பணத்துக்காகத் திருடப்பட்டு, இரு மாதங்களுக்குப் பின் மீட்கப்பட்டது.

1983இல் கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் ஆகியோர் தயாரித்த "அன்நோன் சாப்ளின்" தொலைக்காட்சித் தொடர் இரசிகர்களின் மதிப்பீட்டை ஓரளவு மாற்றியது. ஒதுக்கப்பட்ட படச்சுருள்களை அது முதன்முறையாகக் காட்டியது. பூக்காரி நாடோடியைச் செல்வந்தன் என்று எப்படித் தவறாக நினைப்பாள் என்ற ஒரு சிறு சிக்கலுக்காகச் சாப்ளின் மாதக்கணக்கில் திண்டாடி, கார்க் கதவு மூடும் ஓசையில் விடை கண்டார். இயல்பாக ஊறிய நகைச்சுவை என்று எண்ணப்பட்டது கடும் உழைப்பால் வந்தது என்பது இதனால் தெரிந்தது. உடன் நடித்தவர்களை அவர் எவ்வளவு வருத்தினார் என்பதும் தெரிந்தது.

இந்தியாவில்

இந்தித் திரைப்படத்தில் ராஜ் கபூர் "ஆவாரா" (1951), "ஸ்ரீ 420" (1955) ஆகிய படங்களில் நாடோடியின் சாயலை ஏற்றார். தமிழில் கே. பாலச்சந்தரின் "புன்னகை மன்னன்" (1986) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற இரு வேடங்களுள் ஒன்று சாப்ளின் செல்லப்பா.

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள ஆதிப்பூர், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்காக அமைக்கப்பட்ட ஊராகும். அங்கு "சார்லி சர்க்கிள்" என்னும் இரசிகர் மன்றம் 1973இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஓர் ஆயுர்வேத மருத்துவர். 1960களில் "த கோல்ட் ரஷ்" படத்தைப் பார்த்து, அதிலேயே மூழ்கி வேலைக்குப் போகாமல் இருந்ததால் தமது பணியை இழந்தவர் அவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 16 அன்று ஆதிப்பூர் மக்கள் சிறுவர் முதல் முதியோர் வரை தொப்பியும் மீசையும் கைத்தடியுமாக ஊர்வலம் செல்கின்றனர். சாப்ளின் வாழ்ந்த சுவிட்சர்லாந்து வீடு 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவரது பிறந்தநாளையொட்டி அங்கு 662 பேர் நாடோடி வேடத்தில் ஒன்றுகூடினர். ஆதிப்பூரினர் அதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள்.