உயிர்வேலியும் அயல்வீடும்

மனை கட்டி முடித்தோர் அடுத்து எண்ணுவது மறைப்பைப் பற்றியே. தெருவில் செல்வோர் பார்வையும் புழுதியும் முற்றத்திற்குள் புகாதிருத்தல் வேண்டும். அதுவும் ஓரிரு ஆண்டுகளுக்குள் வேண்டும். விரைந்து வளரும் மரங்களை வரிசையாக நடுதல் இதற்கு எளிய வழியாகும். எனினும், எம்மரத்தை எங்கே நடுவது என ஆராயாது விரைவு ஒன்றனையே கருதுவோமாயின், வேலியே வினையாக முடியும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபில் வேலி

மரத்தால் மறைப்பு அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. அரணைச் சூழ்ந்த காவற்காட்டைச் சங்கப் புலவர் 'மிளை' என்றனர். திருக்குறளின் அரண் அதிகாரமும் நிழல் மிக்க காட்டை அரணின் உறுப்பாக எண்ணுகின்றது. வேலி என்னும் சொல் அடைப்பை மட்டுமன்றி நில அளவையையும் குறித்தது. 20 மா கொண்டது ஒரு வேலி. ஊர்ப்புறங்களில் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்தனர். இவ்வாறு நடும் கொம்பினை யாழ்ப்பாணத்தார் 'கதியால்' என்பர். கிளுவையும் பூவரசும் அங்கே கதியால்களாகின்றன. இவை மறைப்போடு தழையும் நிழலும் தந்தன.

விரைவு தந்த வினை

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலத்திற்கு நம் மக்கள் 'வேலிகாத்தான்' என்றே பெயரிட்டனர். காக்க வந்த அம்மரம் கண்மாய்களிலும் விளைநிலங்களிலும் பரவி, வேலியே பயிரை மேய்ந்த பழமொழிக்குச் சான்றாயிற்று.

அண்மைக் காலத்தில் அவ்வாறு வந்தது கோனோகார்பஸ். சோமாலியா, ஏமன் கரையோரங்களுக்கு உரிய இம்மரம் வளைகுடா நாடுகளில் மதிலோரங்களிலும் சாலையோரங்களிலும் பெருக நடப்பட்டது. இதனை நடுவதற்குக் குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் தடை விதித்தது.

எம் மனையிலும் இப்பிழை நேர்ந்தது. வளைகுடாவில் பணிபுரிந்த எம் மைத்துனர் புகழ்ந்துரைத்ததைக் கேட்டு, மதிலிலிருந்து 2 அடி தொலைவில் 12 கன்றுகளை நட்டோம். மூன்றாம் ஆண்டிலேயே பசுஞ்சுவர் எழுந்தது, அகமகிழ்ந்தோம். ஐந்தாம் ஆண்டில் அண்டை வீட்டுப் பெரியவர், அடைபட்ட தம் கழிவுநீர்க் குழாயைத் தோண்டினார். அதனுள் தலைமுடிபோல் பின்னிக் கிடந்தவை எம் மரங்களின் வேர்கள். அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அண்டை வீட்டார் உரிமையைப் பெரிதும் வற்புறுத்தும் மார்க்கத்தில் வளர்ந்த எம்மை அம்மௌனமே சுட்டது. குழாயைச் செப்பனிட்டுக் கொடுத்து, மரங்களை வேரொடு அகற்றினோம்.

மரத்தெரிவு

அதன்பின் யாம் தெரிந்தது நெட்டிலிங்கம். தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய இம்மரம், பக்கங்களில் பரவாது தூண்போல் நிமிர்ந்து, ஆண்டு முழுதும் இலை தாங்கி நிற்பது. இதனைப் பலர் அசோகு எனப் பிழைபட வழங்குவர்; இலக்கியத்தில் பிண்டி என்றும் செயலை என்றும் குறிக்கப்படும் அசோகு வேறு. கடற்கரை மணலில் உப்புக்காற்றைத் தாங்கச் சவுக்கு ஏற்றது. ஆளுயர மறைப்பே போதுமெனில் மருதாணி சாலச் சிறந்தது. வெட்ட வெட்டத் தழைக்கும், இலையும் பயன்படும்.

உடனடி மறைப்பு விழைவோர், நிலைத்த மரங்களுக்கு முன்னே ஒரு கெச தூரம் விட்டு அகத்தியை நடலாம். அது ஓராண்டிலேயே ஆளுயரத்தைக் கடக்கும், கீரையும் தரும். பின்வரிசை ஓங்கியதும் அதனை அகற்றிவிடலாம்.

நடுதலும் பேணலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களே நடுதற்கு ஏற்றவை. ஒன்றரை அடி ஆழ அகலமுள்ள குழியில் மேல்மண்ணையும் மட்கிய எருவையும் கலந்து நிரப்புதல் வேண்டும். நெட்டிலிங்கத்திற்குக் கன்றுக்குக் கன்று 4 முதல் 5 அடி இடைவெளி போதும். மதிலுக்கும் குழாய்க்கும் குறைந்தது 6 அடி விலகியிருத்தல் நலம். மின்கம்பியின் கீழ் நடுதல் ஆகாது.

முதலிரண்டு கோடைகளிலும் நீர் தவறலாகாது. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதினும், சில நாள்களுக்கு ஒருமுறை ஆழ ஊறும்படி விடுதலே வேரைக் கீழ்நோக்கிச் செலுத்தும். தூரைச் சுற்றிச் சருகுகளைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். மருதாணிக்கு இளமையிலேயே நுனி கிள்ளுதல் இன்றியமையாதது. இன்றேல் உச்சி தழைத்து, மறைப்பு வேண்டிய அடிப்பகுதி வெறுமையாகும்.

நிறைவாக

எம் நெட்டிலிங்க வரிசை கோனோகார்பஸைப்போல் விரைந்து எழவில்லை. எனினும் அதனை நடுமுன், எத்துணைத் தொலைவில் நடலாம் என அப்பெரியவரையே அழைத்துக் கேட்டோம். அவரே அளவுக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நின்றார். வேலி நம்மை மறைக்கலாம். நம் செயலின் விளைவை மறைக்காது. நடுமுன் அயலாரைக் கேட்டு நடுவோமாக!